பக்கத்து ஊருக்கு ஒரு டிக்கெட்

அடுத்த செமஸ்டரில் பரிமாற்ற மாணவர்களாக வெளிநாடு போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பெரும்பாலோரை எனக்கு முகம் தெரியாது. ஆனாலும் இந்நேரம் உங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று சொல்லிவிடுவேன். கட்டிலின் மேல் வாய் திறந்த பெட்டி. பக்கத்தில் எடை பார்க்கும் தராசு. குக்கரா, ஊறுகாய் பாட்டிலா என்று அம்மாவோடு ஒரு வழக்கு. இதற்கிடையில் செல்போனில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பட்டியல்: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக், வியன்னா, வெனிஸ், முடிந்தால் சுவிட்சர்லாந்து. ஷெங்கன் விசா கையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், விட்டால் எப்போது கிடைக்கும் என்ற கணக்கு.

அந்தப் பட்டியலைப் பற்றித்தான் இந்த மடல். சென்னையில் பொறியியல் படிக்கும் நான் போன குளிர்கால செமஸ்டரை ஜெர்மனியின் கிழக்கு மூலையில், சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டனில் கழித்தேன். போகும்போது என்னிடமும் அதே பட்டியல் இருந்தது. திரும்பி வந்தபோது அதில் பாதி அடிக்கப்படாமலே கிடந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 31 சாக்சனியில் அரசு விடுமுறை. மார்ட்டின் லூதரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் நாள். அது வெள்ளிக்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள். நாங்கள் ஏழு பேர், ஏழு பேரும் தமிழ் பேசுகிறவர்கள், வியாழன் இரவே பஸ் ஏறினோம். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ். இரண்டு இரவு பஸ்ஸில் தூக்கம், ஒரு இரவு பன்னிரண்டு கட்டில் போட்ட அறையில். லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடுக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டோம். உள்ளே போக நேரமில்லை. ஈஃபிள் கோபுரத்தடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். ஆளுக்கு 310 யூரோ செலவு. ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நின்ற நேரம் அது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை விடுதிச் சமையலறையில் என் பக்கத்து அறை வியட்நாம் தோழி கேட்டாள்: "பாரிஸ் எப்படி இருந்தது?" நானூறு படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டாள்: "அங்கே யாரோடு பேசினாய்?" யோசித்துப் பார்த்தேன். தங்குமிடத்தில் சாவி கொடுத்தவரிடம் "தேங்க்யூ" சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

டிசம்பர் வந்தது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன். நம்மூரில் பொங்கல் என்றால் தெரு நிறையும். அங்கே தெரு காலியாகும். ஜெர்மன் மாணவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எட்டுப் பேர் மல்லுக்கட்டும் சமையலறையில் குளிர்பதனப்பெட்டியின் முனகல் மட்டும் கேட்கும். 24ஆம் தேதி மதியத்தோடு கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. எங்களுக்கு 27 சனிக்கிழமை. அன்று மட்டும் கடை உண்டு. 28 ஞாயிறு, மறுபடி மூடல். அங்கே ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை திறப்பதில்லை. ஆகவே 23ஆம் தேதியே அரிசி, பால், முட்டை, காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துபோனால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. விலை கையைக் கடிக்கும்.

அந்த வெறிச்சோடிய விடுதியில் நாங்கள் நான்கு பேர் மிஞ்சியிருந்தோம். நான், வியட்நாம் தோழி, உக்ரைனின் கார்கிவ் நகரத்துப் பெண் ஒருத்தி, துருக்கியின் இஸ்மிரிலிருந்து வந்த பையன் ஒருவன். நால்வர் கையிலும் பணம் குறைவு. ஜெர்மன் விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போட்ட பணத்திலிருந்து எனக்கு மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். அதில் அறை வாடகையும் காப்பீடும் போனால் மிச்சம் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நால்வரிடமும் ஒரு பொருள் பொதுவாக இருந்தது: செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்ட ரயில் டிக்கெட்.

இந்த டிக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஒரு மாத டிக்கெட் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்க உள்ளூர்ப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. 2025இல் அதன் விலை 58 யூரோ ஆனது. மாணவர்களுக்கு அதில் அறுபது சதவீத விலை; நான் இருந்த செமஸ்டரில் மாதம் 34.80 யூரோ. நான் அதைக் கல்லூரிக்குப் போகும் டிராம் பாஸ் என்று நினைத்து மூன்று மாதம் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ஒரு நாடே சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று இஸ்மிர் நண்பன்தான் சொன்னான்.

நாங்கள் ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒரு நாளைக்கு ஒரு ஊர். ஆளுக்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற மூவரும் மறுபேச்சுப் பேசாமல் வர வேண்டும். இரவு அவரவர் கட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஓட்டல் செலவு மிச்சம். அதைவிட, வீட்டில் பேசுவது சுலபம்.

பெண்பிள்ளைகளே, அந்தப் பேச்சையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"யார் யாருடி போறீங்க?"

"மூணு பொண்ணு, ஒரு பையன்மா."

போனில் சத்தமே இல்லை. பிறகு, "அந்தப் பையன் எந்த ஊரு?"

"துருக்கி."

"அவங்க வீட்ல என்ன பண்றாங்க?"

"ஆலிவ் தோப்பு வச்சிருக்காங்களாம்."

"நம்ம தென்னந்தோப்பு மாதிரியா?" அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இருட்டுறதுக்குள்ள ரூமுக்கு வந்துடு."

டிசம்பரில் அங்கே மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும் என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் மூவருடைய பெயர், போன் எண், ஏறும் ரயில், இறங்கும் ரயில் எல்லாவற்றையும் தினமும் அனுப்பினேன். நீங்களும் அனுப்புங்கள். பொய் சொல்லிப் போகிற பயணத்தில் பாதி மனது பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

பயணம் 24ஆம் தேதி இரவு சமையலறையிலேயே தொடங்கியது. கார்கிவ் தோழி சொன்னாள், அவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பன்னிரண்டு பதார்த்தம் வைப்பார்கள், ஒன்றிலும் இறைச்சி இருக்கக் கூடாது. சைவமான எனக்கு ஜெர்மனியில் அப்படி ஒரு விருந்து கிடைக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கோதுமையை வேகவைத்து, தேனும் கசகசாவும் சேர்த்த குத்யா, பீட்ரூட் சூப், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை. எண்ணிக்கை நிரம்ப என் புளியோதரையும் தோழியின் வியட்நாமிய காய்கறிச் சுருளும் நண்பனின் பயறு சூப்பும் சேர்ந்தன. சாப்பிட்டு முடித்ததும் அவள் ஒரு தட்டையும் கரண்டியையும் மேசையிலேயே விட்டுவைத்தாள். இறந்துபோனவர்கள் இரவில் வந்து சாப்பிடுவார்களாம். எங்கள் வீட்டில் படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம் என்று நான் சொன்னேன். யார் யாருக்கு வைத்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் ரயிலே ஏறாமல் டிரெஸ்டனுக்குள்ளேயே நடந்தோம். மூன்று மாதம் டிராமில் கடந்துபோன ஃபிராவன்கிர்ஹே தேவாலயத்தின் முன் அன்றுதான் நின்று பார்த்தேன். 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை நேசநாட்டு விமானங்கள் அந்த நகரத்தின்மேல் குண்டு போட்டன. 25,000 பேர் வரை இறந்தார்கள் என்பது வரலாற்றறிஞர் குழுவின் முடிவு. இடிந்த தேவாலயம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் எடுத்துக் கட்டத் தொடங்கி 2005இல் முடித்தார்கள். பழைய கற்களைத் தேடி எடுத்து அந்தந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். புதுக்கல் வெளிர் நிறம், பழைய கல் கறுப்பு; கட்டடத்தைப் பார்த்தாலே எது எப்போது வந்தது என்று தெரியும். உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்த பிரிட்டிஷ் பொற்கொல்லரின் அப்பா, அந்த நகரத்தின்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர். கார்கிவ் தோழி அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்பது வருஷம் காத்திருந்தாங்களா?" பிறகு நெடுநேரம் பேசவில்லை. பாரிஸில் நான் எடுத்த நானூறு படங்களில் ஒன்றில்கூட இப்படி ஒரு கேள்வி இல்லை.

அதற்கு அடுத்த நாள் இஸ்மிர் நண்பனின் முறை. எல்பே ஆற்றோரம் ரயிலில் அரைமணிக்குச் சற்று மேல் போய் ராத்தன் என்ற சிற்றூரில் இறங்கினோம். அக்கரைக்குப் போக ஒரு படகு. அதற்கு எஞ்சின் கிடையாது. ஆற்றில் கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தாலேயே குறுக்கே நகர்கிறது. காவிரிக்கரையில் பிறந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாக இருந்தது. மேலே ஏறினால் மணற்பாறைத் தூண்களுக்கு நடுவே 1851இல் கட்டிய கல்பாலம். கீழே ஆறு 194 மீட்டர் பள்ளத்தில். இந்தப் பகுதிக்கு 'சாக்சனி சுவிட்சர்லாந்து' என்று பெயர். டிரெஸ்டன் ஓவியப் பள்ளியில் வேலைக்கு வந்த சுவிஸ் ஓவியர்கள் இருவர், சொந்த ஊர் நினைப்பில் வைத்த பெயர் என்கிறார்கள். என் பட்டியலில் இருந்த சுவிட்சர்லாந்தை அத்தோடு அடித்துவிட்டேன். படியெல்லாம் உறைபனி. செருப்புக் கடை ஷூவோடு போகாதீர்கள்; நான் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

வியட்நாம் தோழி தேர்ந்தெடுத்த ஊர் கெம்னிட்ஸ். சுற்றுலா வருகிறவர்கள் டிரெஸ்டனிலேயே நின்றுவிடுவார்கள். கெம்னிட்ஸுக்கு எங்கள் வகுப்பில் ஒருவரும் போனதில்லை. 2025இல் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகரங்களில் ஒன்று என்ற பட்டம் அதற்குக் கிடைத்திருந்தது. ஆனால் அவள் அதற்காகக் கேட்கவில்லை. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில், 1953 முதல் 1990 வரை, அந்த ஊருக்கு கார்ல் மார்க்ஸ் நகர் என்று பெயர். 1980இல் போட்ட ஒப்பந்தப்படி வியட்நாமிலிருந்து ஆட்கள் கிழக்கு ஜெர்மன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். பெர்லின் சுவர் விழுந்த நேரத்தில் ஏறக்குறைய 60,000 பேர் இருந்தார்கள். அவளுடைய பெரியப்பா அவர்களில் ஒருவர். மூன்று ஆண்டு நூற்பாலையில் வேலை. நாடு ஒன்றானதும் வேலை போய், ஒரு சிம்சன் மொபெட்டைப் பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியவர். நம் பக்கம் வளைகுடா போய் வந்தவர்கள் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகர நடுவில் மார்க்ஸின் தலை மட்டும் சிலையாக நிற்கிறது. உடம்பு கிடையாது. ஏழு மீட்டர் உயரத் தலை, பீடத்தோடு சேர்த்துப் பதின்மூன்று மீட்டருக்கு மேல். 1971இல் சோவியத் சிற்பி லெவ் கெர்பெல் செய்தது. நாடு போனது, ஊரின் பெயர் போனது, தலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் அதை 'நிஷெல்' என்பார்கள். சாக்சனிப் பேச்சில் மண்டை என்று பொருள். தோழி செல்போனில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தாள். அதே மண்டைக்குக் கீழே இருபத்துச் சொச்சம் வயதில் பெரியப்பா, கை கட்டிக்கொண்டு. அவளும் அதே இடத்தில் கை கட்டி நின்றாள். படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் வீடியோ அழைப்பு வந்தது. வியட்நாமில் அப்போது நள்ளிரவு. பெரியவர் எங்களிடம் ஒரு ஜெர்மன் சொல் சொன்னார்: ஃபைராபெண்ட். வேலை முடிந்த நேரத்துக்கு அங்கே சொல்லும் சொல். முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் அதுதான் அவர் நாக்கில் நின்றது.

கார்கிவ் தோழி பௌட்ஸனுக்குக் கூட்டிப் போனாள். நிலையத்தில் இறங்கியதும் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். பௌட்ஸன் என்ற ஜெர்மன் பெயரோடு புதிஷின் என்று இன்னொரு பெயர். அங்கே சோர்பியர்கள் என்ற சிறிய ஸ்லாவிய இனம் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 60,000 பேர் என்று சொல்லுவார்கள். சுற்றிலும் ஜெர்மன் கடலாக இருக்க, ஆயிரம் ஆண்டுக்கு மேல் தங்கள் மொழியை விடாமல் வைத்திருக்கிறார்கள். தெருப்பெயர் எல்லாம் இரண்டு மொழியில். ஜெர்மனி வந்து மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் அகராதி இல்லாமல் ஒரு பலகையைப் பாதிக்குப் பாதி படித்தாள். "எங்க வீட்ல 2022 வரைக்கும் ரஷ்ய மொழிதான் பேசுவோம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில அம்மா உக்ரைன் மொழிக்கு மாறிட்டாங்க. அப்புறம் திரும்பல" என்றாள். எங்கள் ரயில் நிலையப் பலகைகளில் எத்தனை மொழி என்று நண்பன் கேட்டான். பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசிய கதையைத் தொடங்கினேன். முடிக்க இரண்டு தெரு நடக்க வேண்டியிருந்தது.

அன்றுதான் சண்டையும் வந்தது. அதே ரயில் பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் கெர்லிட்ஸ். ஆற்றின்மேல் நடைபாலம், அக்கரை போலந்து. பாலத்தை 1945இல் தகர்த்து 2004இல்தான் திரும்பக் கட்டினார்கள். (பாஸ்போர்ட்டையும் தங்கல் அட்டையையும் எடுத்துப் போங்கள், இப்போதெல்லாம் அந்த எல்லையில் சோதனை உண்டு.) அக்கரைக் கடையில் சாப்பிட்டுவிட்டு நண்பன் ஆடி அசைந்து வர, திரும்பும் ரயில் கண் முன்னால் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. குளிர் சுழியத்துக்குக் கீழே ஆறு. நான் கத்திவிட்டேன். ரயில் மட்டும் காரணமில்லை. சாப்பிட்ட கடையில் 'சேர்த்தா, தனித்தனியா' என்று பரிமாறுகிறவர் கேட்டபோது அவன் எல்லாருக்குமாகக் கொடுத்துவிட்டான். விருந்தாளியைக் கொடுக்க விடுவது அவர்கள் ஊரில் அவமானம். அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதா, தந்தால் கோபிப்பானா, தராவிட்டால் கடனா என்று என் மண்டைக்குள் குடைச்சல். காரணத்தைச் சொல்லாமல் ரயிலைச் சொல்லிக் கத்தினேன்.

வியட்நாம் தோழி என் பையைத் திறந்து புளியோதரை டப்பாவை எடுத்து நடுவில் வைத்தாள். நான்கு கரண்டி. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த நடைமேடையில் முடிவெடுத்தோம்: இனி நாளுக்கு ஒருவர் செலவு, நாளுக்கு உச்சவரம்பு பன்னிரண்டு யூரோ. நீங்கள் இதை முதல் நாளே பேசிவிடுங்கள். காசைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். பேசாமல் விட்டால் அது நட்பைத் தின்னும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கூட வருகிறவருக்கு எது தாங்காது என்று. டிசம்பர் 31 இரவு ஜெர்மனி முழுக்க வெடி வெடிப்பார்கள், நம் தீபாவளி தோற்றுப்போகும். எனக்குக் கொண்டாட்டம். ஆற்றுப் பாலத்துக்குப் போகலாம் என்று கிளம்பி நின்றேன். கார்கிவ் தோழி ஒன்றும் சொல்லவில்லை, தன் மேல்கோட்டை மட்டும் எடுக்கவில்லை. எனக்கு உறைக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அன்றிரவு நான்கு பேரும் ஜன்னலில்லாத துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்தோம். மூன்று இயந்திரத்தையும் சுற்ற விட்டு, அந்தச் சத்தத்தில் நள்ளிரவைக் கடந்தோம்.

என் முறையை நான் கடைசியில் சொல்கிறேன். என் தேர்வுக்குக் காரணம் வெறும் நாக்கு. டிரெஸ்டனில் 1434 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை ஒன்று உண்டு. அங்கே ஒரு கடையில் 'மிளகு கேக்' என்று எழுதியிருந்தது. காரமாக இருக்கும் என்று ஆசையாக வாங்கினால் இனிப்பு. மிளகே இல்லை, பட்டை, கிராம்பு, ஏலக்காய். பழைய காலத்தில் கடல் கடந்து வந்த மணப்பொருள் எல்லாவற்றையும் ஜெர்மானியர்கள் மிளகு என்றே சொன்னார்களாம். இது புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரின் சரக்கு, 1558இலேயே அந்த ஊருக்கு இதைச் சுட உரிமை கொடுத்தார்கள் என்றார் கடைக்காரர். டிரெஸ்டனிலிருந்து வட்டார ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கடை திறந்திருக்கும் அந்த ஒரே சனிக்கிழமையில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு சந்தைச் சதுக்கம், தெருவெல்லாம் கிராம்பு வாசனை. அடுப்புச் சூடு கண்ணாடியில் படிந்த ஒரு கடைக்குள் நுழைந்தோம். என் ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்ட கடைக்கார அம்மா எந்த நாடு என்றார். இந்தியா. எந்தப் பக்கம்? தெற்கு. என்ன மொழி? தமிழ். அந்த அம்மா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "அப்படியானால் எங்கள் ஊர்க்காரரை உனக்குத் தெரியுமே. சீகன்பால்கு!"

எனக்குத் தெரியும். பள்ளிப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி: தமிழில் அச்சுக்கூடம் வைத்த பாதிரியார், தரங்கம்பாடி. எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தாயிற்று. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் பிறந்தது இந்தப் புல்ஸ்னிட்ஸில் என்று அன்றுதான் தெரியும். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். டேனிஷ் ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையிலும் கிடந்தார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். முப்பத்தாறு வயதில், 1719இல் அங்கேயே இறந்தார்.

"நீ எந்த ஊர்?" என்றார் அந்த அம்மா. மயிலாடுதுறை என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தரங்கம்பாடியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் என்றேன். "அவர் கட்டிய தேவாலயம் இன்னும் இருக்கிறதா? உள்ளே எப்படி இருக்கும்?"

பள்ளிச் சுற்றுலாவில் கோட்டையைப் பார்த்திருக்கிறேன், கடலில் கால் நனைத்திருக்கிறேன். தேவாலயத்துக்குள் போனதில்லை. "இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். மூன்று நண்பர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நாளாக அவரவர் ஊரைப் பற்றி விடாமல் பேசியவர்கள் நாங்கள்.

அந்தக் கேள்விதான் எங்களை 30ஆம் தேதி ஹாலே வரை இழுத்துப் போனது. லைப்சிக்கில் ரயில் மாறிப் போக வேண்டும். அதே டிக்கெட். 1698இல் ஃபிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் ஒரு தெருவையே அடைத்து நிற்கின்றன. சீகன்பால்கு ஹாலேயில் சில காலம் படித்தவர். அவருக்குத் தேவையான தமிழ் அச்செழுத்துகளை ஹாலேயில்தான் வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். 1716இல் அவருடைய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சானது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1867இல் சென்னையில்தான் அது வெளிவந்தது. ஹாலே காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை. போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போங்கள். பரணில் இருக்கும் பழைய அரும்பொருள் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த ஒரு வாரத்துக்கு எனக்கு ஆன செலவு 84 யூரோ.

பாரிஸ் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. லூவருக்குள் போக ஒரு முழு நாள் இருந்தால் கட்டாயம் போங்கள். தமிழ் நண்பர்களோடு போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஒன்றுதான் சொல்கிறேன். உங்களை ஆறு மாதம் தங்க வைக்கிற ஊரை விமான நிலையம் மாதிரி நடத்தாதீர்கள். நம் ஊர்க்காரர்களோடு மட்டும் போனால் நாம் பார்ப்பது எல்லாமே 'நம்மூர்ல இப்படி இல்லல்ல' என்பதோடு முடிந்துவிடும். வேறு ஊர்க்காரர்களோடு போனால் நம்மூரில் எப்படி என்று அவர்கள் கேட்பார்கள். பதில் தெரியாமல் முழிப்பீர்கள். அந்த முழிப்பு உங்களுக்கு நல்லது.

ஏப்ரலில் ஊருக்கு வந்தேன். வந்த முதல் ஞாயிறு மயிலாடுதுறையில் பஸ் ஏறித் தரங்கம்பாடியில் இறங்கினேன். 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் கடற்கரைக்குப் போகும் ராஜ வீதியில், வலைகள் காயும் வாசனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. வழிபாடு முடிந்து உள்ளே போனேன். வெள்ளைச் சுவர், மரப் பெஞ்சு, சீகன்பால்குவின் கல்லறை. படம் எடுத்து மூவருக்கும் அனுப்பினேன். புல்ஸ்னிட்ஸ் அம்மாவுக்கும் ஒரு தபால் அட்டையில் எழுதிப் போட்டிருக்கிறேன்: இருக்கிறது, உள்ளே இப்படி இருக்கிறது.

உங்கள் செல்போனில் இருக்கும் பட்டியலைத் திறங்கள். முதல் வரியில், நீங்கள் தங்கப்போகும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய, இதுவரை நீங்கள் கேள்விப்படாத ஓர் ஊரின் பெயரை எழுதுங்கள். விமானம் ஏற இன்னும் சில வாரம் இருக்கிறது. சொந்த ஊருக்குப் பக்கத்திலும் அப்படி ஓர் ஊர் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சீனியர் அக்கா ஒருத்தி,
மயிலாடுதுறை